ஹட்டன் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி

பத்தாம் திகதி மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சம்பளம். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் ஹட்டன் டவுனில் நடக்க இடமிருக்காது. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, டிக்கோயா என்று எல்லாப் பக்கத்து பஸ்களும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். அரிசிக் கடை, புடவைக் கடை, அடகுக் கடை என்று கூட்டம் பிரிந்து போகும். அதில் நாலைந்து பையன்கள் மட்டும் சேர்ந்து ஒரு ஒடுங்கிய படிக்கட்டில் ஏறி, முதல் மாடியிலுள்ள சின்னக் கடைக்குள் நுழைவார்கள். பேட், பந்து என்று விளையாட்டு உபகரணங்கள் மட்டும் விற்கும் கடை அது. ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கித் திங்கள் வரை நான்கு நாட்கள் நான் அங்கே உட்கார்ந்து பார்த்ததுதான் இந்த ஆய்வு.

நான் உயர்தர மாணவர்களுக்கு வணிகக் கல்வி கற்பிக்கிறேன். வாடிக்கையாளர் நடத்தை என்ற பாடம் வரும்போதெல்லாம் கொழும்பு சுப்பர் மார்க்கெட்டையும் வெளிநாட்டுக் கம்பனிகளையும் உதாரணம் காட்டியே அலுத்துவிட்டது. எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மா சாமான் வாங்கும் கடை எப்படி வியாபாரம் செய்கிறது என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. கடை முதலாளியிடம் கேட்டேன். கடைப் பெயரும் தன் பெயரும் வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்.

வெற்றிக் கிண்ணங்கள் அடுக்கியிருந்த ராக்கைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். வருகிறவர் யார், யாரோடு வருகிறார், முதல் பேச்சை யார் எடுக்கிறார், கை முதலில் எதைத் தொடுகிறது, கடைசியில் எதை வாங்குகிறார் என்பவற்றைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். யாராவது கேட்டால் நான் யார், என்ன செய்கிறேன் என்று சொன்னேன். இடையில் நான் வாய் திறக்கவில்லை. முதலாளியிடம் கேட்க வேண்டியதையெல்லாம் நான்காம் நாள் கடை பூட்டிய பிறகுதான் கேட்டேன்.

கடையில் இரண்டே பேர். முதலாளிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் தோட்டத்து அணிக்குக் கரப்பந்து ஆடியவர், டென்னிஸ் பந்து கிரிக்கெட்டும் ஆடியவர். உதவிக்கு இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவர். பட்மிண்டன் ரக்கெட்டுக்கு கட் (நரம்பு) போடுவது அவர் வேலை. படி ஏறியதும் வாசலில் ஒரு கேரம் போர்ட் விரித்துக் கிடக்கும். யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

பேட் வாங்க வந்த ஐவர்

வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவரின் சட்டைப் பையில் காசு. ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்த சில்லறை நோட்டுகள், மடிப்பு மடிப்பாக.

“அண்ணே, நல்ல பேட் ஒன்னு காட்டுங்க.”

இதே கேள்வியை வேறு கடைகளில் கேட்டிருந்தால் பதிலுக்கு “எவ்வளவுக்குப் பாக்குறீங்க?” என்றுதான் வந்திருக்கும். முதலாளி விலைப் பக்கமே போகவில்லை.

“எந்தக் கிரவுண்ட்ல வெளயாடப் போறீங்க தம்பி?”

தோட்டத்துப் பெயரைச் சொன்னார்கள். “அந்த ஸ்டோர் பக்கத்துக் கிரவுண்டா? ஒரு பக்கம் பள்ளமா இருக்குமே?” என்றார். ஐந்து முகத்திலும் சிரிப்பு. அப்புறம் டென்னிஸ் பந்தா லெதர் பந்தா, மெட் விரிப்பீர்களா மண்ணிலேயே போடுவீர்களா, எத்தனை ஓவர் என்று கேட்டார். இந்தக் கேள்விகள் எல்லாம் முடிகிறவரை பேட் எதுவும் மேசைக்கு வரவில்லை.

பையன்களின் கண் போனது சுவரில் மாட்டியிருந்த இங்கிலிஷ் வில்லோ பேட் மீது. கடையிலேயே விலை கூடியது அதுதான். முதலாளி அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார், ஆனால் விற்கவில்லை. “இது லெதர் பந்துக்கு. எண்ணெய் பூசி, மரச் சுத்தியலால மணிக்கணக்கா தட்டிப் பழக்கணும். உங்க கிரவுண்டுல டென்னிஸ் பந்துக்கு இதைக் கொண்டுபோனா காசுதான் வீண்” என்று சொல்லிவிட்டு, அதில் பாதி விலைகூட இல்லாத, டென்னிஸ் பந்துக்கென்றே செய்த பேட் மூன்றை எடுத்து வைத்தார்.

அப்போது ஒன்று கவனித்தேன். மூன்று பேட்டையும் அவர் காசு வைத்திருந்தவரிடம் கொடுக்கவில்லை. பின்னால் சுவரோரம் பேசாமல் நின்ற மெலிந்த பையனிடம் கொடுத்தார். அவன் ஒவ்வொன்றையும் தரையில் தட்டிப் பார்த்து, இரண்டாவதைத் தூக்கி, கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடி ஒரு முறை மெல்ல வீசினான். “இது” என்றான். அவ்வளவுதான், காசு மேசைக்கு வந்தது. காசு வைத்திருந்தவர் அணித் தலைவர். பையன் அவர்களுடைய ஆரம்பத் துடுப்பாட்டக்காரன். “அவன்தான்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று பிறகு கேட்டேன். “பேட்டப் பாக்காம மத்த ஆளுகளோட கையப் பாத்துக்கிட்டு நின்னான் சேர். யார் எப்படிப் புடிக்கிறாங்கன்னு பாக்குறவன்தான் ஆடுறவன்” என்றார்.

பில் போடும்போது ஒரு கிரிப் இலவசமாகச் சுற்றிக் கொடுத்தார். பந்து எடுக்கும்போது, “கொழும்புல ஆடுறத விட இங்க பந்து கூடத்தான் எழும்பும். சின்னப் பயலுகளுக்குப் பழசக் குடுத்து ஆட வைங்க” என்றும் சொன்னார்.

இதை அவர் அனுபவத்தில் சொன்னார். காரணம் காற்றில் இருக்கிறது. டென்னிஸ் பந்துக்குள் அடைத்த காற்றின் அழுத்தம் அப்படியே இருக்க, மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் பந்து விறைத்து, கூடுதலாகத் துள்ளுகிறது. சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 1,219 மீட்டருக்கு மேலுள்ள இடங்களுக்கென்று தனிப் பந்து வகையே வைத்திருக்கிறது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். இரண்டுமே அந்தக் கோட்டுக்கு மேலே. அந்தத் தனிப் பந்து இந்தக் கடையில் கிடையாது. ஆனால் சாதாரணப் பந்து இங்கே எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லித் தர ஆள் இருக்கிறார்.

பட்மிண்டன் இறகுப் பந்திலும் இதே கதைதான். உயரத்தில் காற்று மெலிவதால் பந்து வேகமாகப் போகும், குளிரில் காற்று அடர்வதால் மெதுவாகும். ஒன்று அந்தப் பக்கம் இழுக்க மற்றது இந்தப் பக்கம் இழுக்கும். அதனால் கொழும்பில் ஆடிய பந்தின் வேக எண்ணையே கேட்டு வருகிறவர்களுக்கு அவர் உடனே பெட்டிக் கணக்கில் கொடுப்பதில்லை. இரண்டு எண்ணில் ஒவ்வொரு குழாய் கொடுத்து, ஆடிப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்.

மேடும் மழையும்

கடையில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது கரப்பந்து. கரப்பந்தாட்டம் 1991 முதல் நாட்டின் தேசிய விளையாட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மலையகத்தில் அது பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நான் நினைக்கிறேன். கரப்பந்துக்கு வேண்டியது 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும்தான். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் சரிவை வெட்டிச் சமப்படுத்தினால் அவ்வளவு இடம் கிடைத்துவிடும். கிரிக்கெட் மைதானத்துக்கு அப்படி இடம் தேட முடியாது.

ஆனால் சரிவில் வெட்டிய தரையில் எல்லை தாண்டிய பந்து தேயிலைக்குள் உருளும், ஓடையில் விழும், நனையும். உடனே தேடினால்தான் கிடைக்கும். அதனால்தான் கரப்பந்து கேட்டு வருகிறவர்களிடமும் முதலாளி முதலில் தரையைத்தான் விசாரிக்கிறார். சிமெந்துத் தரை என்றால் ஒன்று, மண் என்றால் ஒன்று. ஓடைப் பக்கத்து மண் தரைக்குத் தண்ணீர் குடிக்காத ரப்பர் பந்து. தையல் போட்ட நல்ல பந்தைப் போட்டிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒரு பெரிய பந்துக்குப் பதில் இரண்டு சின்ன விலைப் பந்து வாங்கிக்கொண்டு போனவர்களையும் பார்த்தேன்.

மழையும் அவருக்கு ஒரு கணக்கு. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் ஹட்டன் பக்கத்து மைதானங்கள் சேறாகி, செப்டெம்பர் வரை வெளி விளையாட்டு படுத்துவிடும். அப்போது கேரம், சதுரங்கம், பட்மிண்டன் ஓடும். அதே மாதங்களில் ஊவாப் பக்கம் வெயில். அந்தப் பக்கத்துப் பண்டாரவளையில் அவருடைய மைத்துனர் ஒருவரும் இதே வியாபாரம் செய்கிறார். ஜூனில் இங்கே தேங்கும் பந்தும் ஸ்டம்ப்பும் அங்கே போகும், வருடக் கடைசியில் அங்கே மழை பிடிக்கும்போது திரும்பி வரும். ஒரே மலைநாட்டுக்கு இரண்டு மழை என்பதை இப்படிப் பயன்படுத்தலாம் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. என் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

காசு எங்கிருந்து வருகிறது

பேட்டிலும் பந்திலும் பெரிய இலாபமில்லை. இலாபம் ஜேர்சியிலும் கிண்ணங்களிலும் இருக்கிறது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி என்றால் கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்கள் வீடு வருவார்கள். ஊர் அணிக்குப் பெயரும் இலக்கமும் போட்ட ஜேர்சி அடித்துக் கொடுப்பது அவர்கள்தான். கொழும்புப் புறக்கோட்டைச் சந்தை விலை அவர்களுக்கு அத்துப்படி. முதலாளி அவர்களிடம் விலையில் மல்லுக்கட்டுவதில்லை. “அங்க குறைவுதான் தம்பி, உண்மை. ஆனா சைஸ் பிழைச்சா திரும்ப அனுப்ப யார் போவா?” என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறார். பாதிப் பேர் இங்கேயே கொடுத்துவிடுகிறார்கள்.

2022 இல் டொலர் இருநூறு ரூபாய்ச் சொச்சத்திலிருந்து சில மாதங்களில் முந்நூற்றறுபதுக்குப் போனபோது புதுச் சாமான் கிட்டத்தட்ட நின்றேவிட்டதாம். ரக்கெட்டுக்கு கட் மாற்றுவது, பேட்டின் அடிக்கு நூல் சுற்றுவது, பந்துக்கு பிளாடர் மாற்றுவது ஆகியவை அப்போது தொடங்கியவை. இன்றைக்கும் மழை நாட்களில் கடையைத் தாங்குவது அந்த வேலைதான்.

கடன் கொப்பியும் உண்டு. அதில் ஆள் பெயர் கிடையாது, அணியின் பெயர்தான். ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டாலும் அணி ஊரில் இருக்கும், அடுத்த பத்தாம் திகதி யாராவது வந்து அடைப்பார்கள். பாடசாலைகளின் கணக்கு வேறு. மூன்று விலைமனு, அதிபர் கையெழுத்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக் கூட்டம் எல்லாம் தாண்டித்தான் காசோலை வரும். சனிக்கிழமை வந்த உடற்கல்வி டீச்சரிடம் அவர் பொறுமையாக விலைமனு எழுதிக் கொடுத்ததைப் பார்த்தேன். டீச்சர் கேட்டது பெண் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்து. அதை எடுக்கத் தம்பி ஏணி போட்டு மேல்தட்டுக்கு ஏற வேண்டியிருந்தது. இறங்கி வந்த பந்தில் காற்று இல்லை, தூசி இருந்தது. 2018 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆடினார், எங்கள் பாடசாலைகளில் வலைப்பந்து அணி இல்லாத பாடசாலையைத் தேடத்தான் வேண்டும். இவ்வளவு இருந்தும் பந்து மேல்தட்டில். அதையும் கொப்பியில் குறித்துக்கொண்டேன், அதன் அர்த்தம் மறுநாள்தான் விளங்கியது.

ஆறு நிமிடத்தில் முடிந்த விற்பனை

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அம்மா கொழுந்து பறிக்கிறவர் என்பதைக் கையைப் பார்த்தே சொல்லலாம், விரல் நுனிகளில் கறை. மகளுக்குப் பதினான்கு, பதினைந்து வயது. வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் வழி விட்டார்கள், ஆனால் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

“ஸ்பைக் சப்பாத்து இருக்குங்களா?”

“என்ன சைஸ் அக்கா?”

அம்மா மகளைப் பார்த்தார். மகள் “அஞ்சு” என்றாள், காதில் விழாத குரலில். முதலாளி ஒரு பெட்டியை எடுத்தார். பாடசாலை மேஸோடே (காலுறையோடே) சப்பாத்தைப் போட்டு எழுந்து நின்றாள். “சரியா இருக்கா புள்ள?” “ம்.” விலை சொன்னார். அம்மா பர்ஸைத் திறந்து இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்கூலிக் கணக்கில் பார்த்தால் ஐந்து நாள் உழைப்புக்கு மேல் அது. என் கடிகாரத்தில் ஆறு நிமிடம்.

எங்கே ஓடப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மீட்டர் என்று கேட்கவில்லை. முதல் நாளிலிருந்து நான் வியந்து வியந்து குறித்துக்கொண்டிருந்த அந்தக் கேள்வி, அது மிகவும் தேவைப்பட்ட இடத்தில் வரவே இல்லை. பெட்டியை மூடும்போது அந்தப் பிள்ளை கண்ணாடிக்குள் இருந்த இன்னொரு சோடியைத் திரும்பிப் பார்த்தாள். அது மட்டும்தான் அவள் கேட்ட கேள்வி.

திங்கள் காலை அம்மா தனியாகத் திரும்பி வந்தார், கையில் அதே பெட்டி. பிள்ளை ஓடுவது 1500 மீட்டர். கொடுத்திருந்ததோ குறுந்தூரச் சப்பாத்து: முன்பாதத்தில் விறைப்பான தகடு, குதிகாலில் மெத்தையே இல்லை. ஒரு சுற்று ஓடியதுமே குதிகால் வலி. பாடசாலையில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சப்பாத்தின் அடியிலுள்ள ஆணி, அதாவது பின், அதுவும் பொருந்தவில்லை. செயற்கை ஓடுதளத்தில் பின் 9 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி, அதற்கேற்ற குட்டைப் பின்தான் அதில் இருந்தது. வலயப் போட்டி நடப்பதோ புல் தரையில். குட்டைப் பின் புல்லில் பிடிக்காது.

முதலாளி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டு, பொருத்தமான சோடியை எடுத்துக் கொடுத்து, நீளப் பின் ஒரு பைக்கட்டும் ஸ்பானரும் சும்மா வைத்தார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் போய்விட்டது. தோட்டத்தில் ஒரு பேர் என்றால் ஒரு நாள் கூலி. பஸ் காசு வேறு.

அன்று இரவு கொப்பியைப் புரட்டினேன். நான்கு நாளும் வந்த பெண்கள், பெண் பிள்ளைகளோடு வந்தவர்கள், டீச்சர் உட்பட, ஒருவரிடமும் “எங்க வெளயாடப் போறீங்க?” என்ற கேள்வி இல்லை. சைஸும் விலையும்தான்.

முதலாளியிடம் இதை நேராகவே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: “கிரிக்கெட்டும் கரப்பந்தும் நான் ஆடுனது சேர். கேட்டா அடுத்தது என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். ஸ்பைக் போட்டு நான் ஓடுனதில்ல, வலைப்பந்து பாத்ததுகூட இல்ல. கேட்டுட்டு, அவங்க பதில் சொன்னா, அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?”

நான் கிண்ண ராக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய அத்தனை பக்கத்தையும் விட இந்தப் பதில் பெரிது என்று எனக்குப் பட்டது. அதுவரை அந்தக் கேள்வியை ஒரு விற்பனைத் திறமையாகவே நினைத்திருந்தேன், யாருக்கும் பழக்கிவிடலாம் என்று. அது அவர் இருபது வருடம் ஆடியதில் ஊறிய அறிவு. அந்த அறிவு எங்கே நின்றதோ, கேள்வியும் அங்கேயே நின்றுவிட்டது. பெண் பிள்ளைகளை அவர் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் விளைவு அவர்கள் தலையில்தான் விழுந்தது, அவர்கள் அம்மாக்களின் பேரில் விழுந்தது.

வகுப்பில் சொன்ன பிறகு

இந்த ஆய்வை என் மாணவர்களிடம் வைத்தேன். பையன்கள் கடன் கொப்பியைப் பற்றியும் பண்டாரவளைக் கணக்கைப் பற்றியும் நன்றாகவே பேசினார்கள். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “அந்தப் படிக்கட்டுல நாங்க ஏறமாட்டோம் சேர்” என்றாள். ஏன் என்றேன். “வாசல்ல எப்பவும் பையன்கள் கேரம் ஆடிக்கிட்டு இருப்பாங்க.” இன்னும் நாலு பேர் தலையாட்டினார்கள். நான்கு நாளும் அந்த வாசலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். கலகலப்பான கடை என்று குறித்திருந்தேனே தவிர, ஏறாமல் போனவர்களை நான் எப்படிக் கண்டிருக்க முடியும்? உள்ளே இருந்து பார்க்கிறவனுக்கு உள்ளே வந்தவர்கள் மட்டும்தானே தெரிவார்கள்.

அதை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். வலைப்பந்து டீச்சரையும் பேசச் சொன்னேன். டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: எந்தத் தூரத்துக்கு எந்தச் சப்பாத்து, எந்தத் தரைக்கு எந்தப் பின், வலைப்பந்தில் எந்த வயதுக்கு எந்த அளவு.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். கேரம் போர்ட் உள்ளே, கட் போடும் மெஷினுக்குப் பக்கத்தில் போயிருந்தது. டீச்சரின் தாள் அலமாரிக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. வலைப்பந்து இரண்டு, காற்றடித்து, கரப்பந்துகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. தம்பி தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு பிள்ளையின் பாதத்தை மரச்சட்டத்தில் வைத்து அளந்துகொண்டிருந்தார். “எத்தனை மீட்டர் ஓடுறீங்க தங்கச்சி? புல்லா, மண்ணா?” என்று கேட்டுவிட்டு, தாளைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். “எண்ணூறு. ஆனா ரிலேயும் ஓடுறேன்” என்றாள் அவள். ரிலே அந்தத் தாளில் இல்லை. தம்பி முதலாளியைப் பார்த்தார். முதலாளி டீச்சருக்குப் போன் போட்டார்.